பேஸ் கிட்டாரின் மூன்று குமிழ்கள்

இசைக் குழுக்களில் தாழ்ந்த சுருதியில் முழங்கும் மின்சார பேஸ் கிட்டாரை மாணவர்களாகிய நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதன் குமிழ்களுக்கு அடியிலுள்ள கம்பிகளைக் கழற்றிப் புதிதாக இணைப்போர்க்கு ஒரு விந்தை நேர்வதுண்டு. கச்சேரி நடுவே, இரண்டு வால்யூம் குமிழ்களுள் ஒன்றை வாசிப்பவர் முற்றிலும் தணிக்கின்றார். உடனே கருவி முழுதுமே ஊமையாகி விடுகின்றது! கம்பி எதுவும் அறவில்லை. உறுப்பு எதுவும் கெடவில்லை. பின் ஏன் இவ்வாறு நேர்ந்தது?

1951ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் இத்தொல்லைக்கு இடமில்லை. அதற்கு ஒரே பிக்கப், ஒரே வால்யூம், ஒரே டோன். தந்தியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தச் சுருளையே பிக்கப் என்பர். 1960இல் வந்த ஜாஸ் பேஸோ இரண்டு பிக்கப்புகளை உடையது. சில ஆண்டுகளுக்குள் அதற்கு இரண்டு வால்யூம், ஒரு டோன் என மூன்று குமிழ்கள் நிலைபெற்றன.

வால்யூம் குமிழின் அடியில் இருப்பது மூன்று முனைகளை உடைய ஒரு மாறுதடை. ஓர முனைகள் இரண்டிற்கும் இடையே 2,50,000 ஓம் தடை உண்டு. நடுமுனையோடு இணைந்த தொடுகரம், குமிழைத் திருப்புந்தோறும் அத்தடையின்மேல் ஊர்ந்து செல்லும். ஓர முனைகளுள் ஒன்று தரைக் கம்பிக்கு உரியது. எஞ்சிய இரண்டனுள் எது பிக்கப்புக்கு, எது வெளிச்செல்லும் கம்பிக்கு? அற்பமான வினாவாகத் தோன்றும். ஆயினும் விந்தையின் காரணம் இதில்தான் அடங்கியிருக்கின்றது.

ஒற்றைப் பிக்கப் கருவியில் பிக்கப்பை ஓர முனையிலும், வெளிக்கம்பியை நடுமுனையிலும் இணைப்பர். அது சரியே. அதே படத்தைப் பார்த்து இரண்டு மாறுதடைகளையும் இணைத்து, வெளிக்கம்பிகளை ஒன்றாகக் கூட்டினால் என்ன ஆகும்? ஒன்றைத் தணித்தவுடன் அதன் தொடுகரம் தரையைத் தொடுகின்றது. அதனோடு கூடுமிடமும் தரையைத் தொடுகின்றது. இரண்டு வாய்க்கால்கள் கூடுமிடத்தில் கரையை உடைத்துவிட்டால் இரண்டின் நீரும் வடிந்து போகுமன்றோ?

ஆகவே ஜாஸ் பேஸில் இம்முறையைத் தலைகீழாக்கினர். பிக்கப் நடுமுனைக்கு, வெளிக்கம்பி ஓர முனைக்கு. இப்போது குமிழைத் தணித்தால் அந்தப் பிக்கப் மட்டுமே தரையில் வடிகின்றது. உடைப்புக்கும் கூடுமிடத்துக்கும் இடையே 2,50,000 ஓம் என்னும் உயர்ந்த கரை நிற்பதால், மற்றதன் ஒலி தப்பிவிடுகின்றது. இதிலும் ஒரு குறை உண்டு: ஒலியைப் பாதி தணிக்கும்போது கூர்மையும் சற்றே மங்கும். ஊமையாவதைவிட அது மேலன்றோ!

டோன் குமிழின் வேலை வேறு. அங்கே மாறுதடையுடன் 0.05 மைக்ரோஃபாரட் அளவுள்ள மின்தேக்கி ஒன்று தொடராக நின்று, தரைக்கு வழி விடுகின்றது. அலைவெண் மிகுந்தால் மின்தேக்கியின் எதிர்ப்புக் குறையும். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. அவ்வலைக்கு மின்தேக்கி காட்டும் எதிர்ப்பு 78,000 ஓம் அளவு. 3,000 அதிர்வுள்ள அலைக்கோ 1,060 ஓம் அளவே. எனவே குமிழைத் தணித்தால் விரல் படும் கூரிய ஒலி தரைக்கு ஓடிவிட, ஆழ்ந்த ஒலி எஞ்சுகின்றது.

இக்கம்பிகளை மாற்ற விழைவோர் முதலில் கருவியைப் பெருக்கியிலிருந்து கழற்றிவிட வேண்டும். வால்வுப் பெருக்கியின் உட்புறத்தைத் தொடவே வேண்டா; நிறுத்திய பின்னும் அதனுள் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். இரண்டு மாறுதடைகளிலும் நடுக்கம்பியையும் வெளிக்கம்பியையும் இடம் மாற்றிப் பற்றவைத்தல் வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றி மூடினால், மாற்றாத குமிழ் முன்போலவே முழுக் கருவியையும் அடக்கிவிடும். தந்திகளைத் தாங்கும் உலோகப் பாலத்துக்கு அடியில் மெல்லிய தரைக் கம்பி ஒன்று செல்லும். வேலையின்போது அது அறுந்தால், தந்தியிலிருந்து கையெடுத்தாலும் வைத்தாலும் மாறாத இரைச்சல் எழும்.