பாடசாலைக்காக ஒரு ஞானஸ்நானமா?

ஸ்காபரோவில் வாழும் நண்பரொருவர் சென்ற மாதம் எம்மைத் தேடி வந்தார். வடமராட்சிச் சைவர். நாலு வயது மகளைப் பாடசாலையிற் சேர்க்க வேண்டும். வீட்டிற்கு அருகே பொதுப் பாடசாலை ஒன்றும் கத்தோலிக்கப் பாடசாலை ஒன்றும் உள்ளன. இரண்டிலும் கட்டணமில்லை.

"கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்திலை ஒழுக்கம் கூட எண்டு எல்லாரும் சொல்லுகினம், சேர். பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தால் இடம் கிடைக்குமாம். குடுக்கட்டோ?"

ஒரு சமயத்தாரின் பாடசாலைக்கு மட்டும் அரசு ஏன் முழுச் செலவையும் கொடுக்கிறது என்பது எம்மவர் பலருக்குப் புதிராகவே உள்ளது. 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு, ஒன்ராறியோவிற் சிறுபான்மையினராயிருந்த கத்தோலிக்கருக்கு அளித்த உறுதி அது. உயர்வகுப்புகள் வரை முழு நிதியளிக்கும் சட்டத்தை 1987இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. யூதரும் பிற கிறிஸ்தவரும் அதே உரிமையைக் கேட்டு 1996இல் தோற்றனர். இது பாரபட்சம் என 1999இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கூறியும் நிலை மாறவில்லை. ஆகவே சைவப் பாடசாலையோ முஸ்லிம் பாடசாலையோ வேண்டுமாயின் பெற்றோர் தம் பணத்திலேயே நடத்த வேண்டும்.

கத்தோலிக்க ஆரம்பப் பாடசாலைகள் பொதுவாகப் பிள்ளையின் அல்லது பெற்றோரில் ஒருவரின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்கின்றன. நண்பரின் யோசனை பிறந்தது இங்கேதான். ஆயின் திருச்சபைச் சட்டப்படி, பிள்ளை அச்சமயத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தாலன்றிக் குருவானவர் ஞானஸ்நானம் கொடுத்தல் முறையன்று. அந்த நம்பிக்கையைப் பொய்யாக ஊட்டுவது இளவாலையிலும் மன்னாரிலும் இருந்து வந்த எமது கத்தோலிக்கச் சகோதரரின் விசுவாசத்தையும் இழிவுபடுத்துவதாகும்.

பிள்ளையின் நிலை இன்னும் கடினம். இரண்டாம் வகுப்பில் வகுப்புத் தோழர் முதல் நன்மை வாங்குவர். மகளும் ஆயத்தமாவாள். "அப்பா, நீங்கள் ஏன் கோயிலுக்கு வாறேல்லை?" என்று கேட்பாள். எந்தக் கோயில் என்று நண்பர் திருப்பிக் கேட்பாரோ?

யாழ்ப்பாணத்திற்கு இது புதிய சங்கடமன்று. மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் படித்து, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அன்று ஆங்கிலக் கல்விக்கு மிசன் வாசலே பெருவாசலாக இருந்தது. இங்கு நிலைமை அப்படியல்ல. சமய பாடம் நீங்கலாக இரு பாடசாலைகளிலும் மாகாணத்தின் ஒரே பாடத்திட்டமே. சீருடையைக் கண்டதும் எமக்கு ஊர் நினைவு வருகிறது. விரிவுரையாளராக இருந்த காலத்தில், வெள்ளைச் சீருடையிலே வளர்ந்து வந்த குழப்படிகாரர் பலரையும் நாம் கண்டதுண்டு!

பலர் அறியாத செய்தியொன்று: ஒன்பதாம் வகுப்பிலிருந்து கத்தோலிக்க உயர்பாடசாலைகள் எச்சமயத்தவர்க்கும் திறந்தவை. சமய பாடத்திலிருந்து விலக்கும் எழுத்தில் கோரலாம். இன்னொன்று, அகதி வழக்கு முடியாதோருக்கு: பெற்றோருக்கு வதிவிட உரிமை இல்லையென்பதற்காகப் பதினெட்டு வயதிற்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலை மறுக்க முடியாதென்று ஒன்ராறியோக் கல்விச் சட்டம் கூறுகிறது.

நண்பரிடம் நாம் ஒன்றே கேட்டோம்: "அந்தப் பொதுப் பாடசாலைக்குள் ஒருநாளாவது போய்ப் பார்த்தீரா?" இல்லை என்றார். மறு வாரம் மனைவியுடன் போயிருக்கிறார். மகளின் பெயரை எப்படி உச்சரிப்பதென்று ஆசிரியை மூன்று முறை கேட்டு, எழுதி வைத்துக்கொண்டாராம்.