குஞ்சின் குடலில் குடியேறுவோர்

பிளவக்கல் அணைக்கு மேலே, ஓடைப் பாறைகளிற் பாசி படர்ந்திருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். சருகையும் சுள்ளியையும் அடித்துச் செல்லும் நீர், பாசியை எளிதிற் பெயர்ப்பதில்லை. அது பாறையைப் பற்றியிருக்கிறது. கோழியின் குடலும் அத்தகையதோர் ஓடையே. தின்ற இரை சில மணி நேரத்தில் அதனைக் கடந்துவிடும். அங்கே வாழ விரும்பும் நுண்ணுயிர், சுவரைப் பற்ற வேண்டும். இன்றேல் அடித்துச் செல்லப்படும் விரைவினும் மிகுந்த விரைவிற் பெருக வேண்டும்.

கோழியின் கழுத்தடியிற் புடைத்திருக்கும் தீனிப்பையை எடுத்துக்கொள்வோம். அதன் உட்சுவரில் லாக்டோபாசில்லஸ் என்னும் பாக்டீரியாக்கள் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கின்றன. தயிரை உறைய வைப்பவற்றுக்கு இவை உறவு. 1970களில் இங்கிலாந்து அறிஞர் புல்லர் இவற்றை ஆராய்ந்தார். பறவைகளிடமிருந்து எடுத்தவை தீனிப்பைச் செல்களில் ஒட்டின. பாலூட்டிகளிடமிருந்து எடுத்தவை பெரும்பாலும் ஒட்டவில்லை. பாக்டீரியாவின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைக் கூறுகளும் புரதங்களும், அச்சுவரோடும் அதன்மேற் படிந்த சளிப்படலத்தோடும் பொருந்தினாலன்றிப் பிடிப்பு உண்டாவதில்லை. மோர் ஊற்றினாற் போதாதா என்று என்னைக் கேட்போர் உண்டு. மோரிலுள்ளவை நல்லவையே, ஆயினும் கோழிக்குடலில் அவை நிலையாகக் குடியிருக்குமென எதிர்பார்த்தல் கூடாது.

இருபத்தொரு நாள் அடைகாத்த தாயின் எச்சத்தைக் குஞ்சுகள் கிளறிக் கொத்துவதைச் சிறுவயதில் அருவருத்து, அவற்றை விரட்டியவன் நான். தாய் தன் குடியிருப்பாளரைப் பிள்ளைகளுக்கு வழங்கும் முறை அது என்பதைப் பின்னரே அறிந்தேன். பொறிப்பானிற் பிறந்த குஞ்சுக்கோ தாயில்லை. குடல் காலி மனையாகக் கிடக்கிறது. 1971இல் பின்லாந்துப் பண்ணைகளில் சால்மொனெல்லாக் கிருமி பரவியது. நூர்மி, ரன்டாலா என்னும் இருவர், வளர்ந்த நலமுள்ள கோழியின் குடற்பொருளைக் கரைத்து, பிறந்த குஞ்சுகளுக்குப் புகட்டினர். அவை அக்கிருமியைப் பெரிதும் எதிர்த்து நின்றன. 1973இல் இம்முடிவு வெளியாயிற்று. முன்னரே வந்தவை இடத்தையும் உணவையும் கைப்பற்றுகின்றன. அவை சுரக்கும் அமிலம் பின்வருவோரை ஒடுக்குகிறது. கிருமி முந்திக்கொண்டால் இவ்வுதவி அத்துணைப் பயன் தராது.

எங்கள் தெருவில் ஒருவர் வாங்கிய குஞ்சுகள் கழிச்சலில் மடிந்தன. அவர் உடனே நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைத் தேடினார். அம்மருந்து நல்லதையும் கொல்லுமே என்றேன். எனினும் எல்லாக் கழிச்சலும் ஒன்றல்ல. ராணிக்கேட் நோய் வைரஸால் வருவது, அதற்குத் தடுப்பூசியே காப்பு. மருந்துக் கடைக்குப் போகுமுன், மடிந்த குஞ்சொன்றைக் கால்நடை மருத்துவரிடம் காட்டும்படி அவரை அனுப்பிவைத்தேன்.