உங்களுக்குத் தெரியுமா? தம்புள்ளைக்கு அணி உண்டு, முதல் ஐந்து தொடர்களில் கிண்ணம் இல்லை!

● மாத்தளை மாவட்டத்தின் ரங்கிரி தம்புள்ளை கிரிக்கெட் மைதானம் 167 நாட்களில் கட்டி முடிக்கப்பட்டது.

● 2020இல் தொடங்கிய லங்கா பிரீமியர் லீக்கில் தம்புள்ளைக்கு முதலிலிருந்தே அணி உண்டு. ஆனால் முதல் நான்கு தொடர்களில் தம்புள்ளையில் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. சொந்த ரசிகர்களின் ஆரவாரம் 2024இல்தான் கிடைத்தது.

● முதல் ஐந்து தொடர்களில் நான்கில் (2020, 2021, 2022, 2024) யாழ்ப்பாணமே சாம்பியன். 2023 இறுதியாட்டத்தில் தம்புள்ளை, கண்டியிடம் 5 விக்கெட்டுகளால் தோற்றது.

● பணபலம் ஓரிடத்தில் குவியாதிருக்க, 2023இல் முதன்முறையாக வீரர் ஏலம் வந்தது. அப்போது ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு 5 இலட்சம் டொலராக இருந்தது.

● அணிகளிடையே சமநிலை தேடும் முயற்சி ஜப்பானிலும் உண்டு. அங்கே பேஸ்போலில் பெரும் ரசிகர் பட்டாளம் கொண்ட யொமியூரி ஜயன்ட்ஸ் 1965 முதல் 1973 வரை தொடர்ந்து 9 முறை சாம்பியன் ஆனது. புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் ஏற்பாடும் அங்கே 1965இல்தான் தொடங்கியது. இன்று முதல் சுற்றில் ஒரே வீரரைப் பல அணிகள் கேட்டால் சீட்டுக் குலுக்கல்தான்.

● ஆட்ட நிர்ணயத்தைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றிய முதல் தெற்காசிய நாடு இலங்கை (2019). தண்டனை 10 ஆண்டுச் சிறைவரை நீளலாம்.

ரசிகர் கூட்டம் எந்த அணிக்கும் சேரட்டும். விதி எல்லா அணிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.