எஸ்.பி.பி. பாட்டு இல்லாமல் கச்சேரி களை கட்டாது!

ஒரு கீபோர்டில் அடங்கும் வயலின் படை

பெரியபாளையம்:
ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையத்தில் எள் போட்டால் எள் விழாது. பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டி வருகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போடுகிறவர்கள் என்று ஆரணி ஆற்றங்கரை முழுக்க ஜனக்கூட்டம்தான்.

இந்த வட்டாரத்து அம்மன் திருவிழாக்களில் ராத்திரியானால் மெல்லிசைக் கச்சேரி. முதலில் பிள்ளையார் பாட்டு. அடுத்து எல்.ஆர்.ஈஸ்வரி பாடிப் புகழ்பெற்ற அம்மன் பாட்டு. அதற்கப்புறம் கூட்டத்திலிருந்து குரல் வரும்: "எஸ்.பி.பி. பாட்டுப் பாடுங்கண்ணே!"

பக்கத்திலேயே சமாதி

பாடகர் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் கொரோனா காரணமாக 2020 ஆகஸ்டு 5-ந் தேதி சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். செப்டம்பர் 25-ந் தேதி காலமானார். வயது 74. மறுநாள் இதே திருவள்ளூர் மாவட்டம் தாமரைப்பாக்கத்தில், அவரது பண்ணை வீட்டில் போலீஸ் மரியாதையுடன் அடக்கம் நடந்தது.

அந்த ஆண்டு ஊரடங்கு. திருவிழாவும் இல்லை, கச்சேரியும் இல்லை. ஆடி சீசனை நம்பியிருந்த மேடைக் கலைஞர்கள் வருமானமில்லாமல் திண்டாடினார்கள். திருவிழா திரும்பியதும் அவர்கள் கையில் எடுத்தது அவர் பாட்டைத்தான்.

லண்டனில் ஒரு விதம்

வெளிநாட்டிலும் இப்படி உண்டு. அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி 1977-ல் இறந்தார். 38 வருஷம் கழித்து, 2015-ல், அவரது பழைய குரலோடு லண்டன் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு புதிதாக வாசித்து ஆல்பம் வந்தது. சின்னக் குழுவோடு பாடிய பாட்டுக்குப் பெரிய படையே வாசித்தது!

நம்ம ஊரில் கதை தலைகீழ். டஜன் கணக்கில் வயலின்கள் முழங்கிய சினிமாப் பாட்டை, எட்டுப் பத்துப் பேர் மேடையில் கொண்டுவர வேண்டும். வயலின் படை முழுவதும் ஒரு கீபோர்டுக்குள். தபேலாவும் டோலக்கும் பல இடங்களில் ரிதம் பேடுக்குள். குரல் எட்டாவிட்டால் அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கி வாசிப்பார்கள். 'கேளடி கண்மணி' படத்தில் வரும் மூச்சுவிடாத பாட்டை எடுத்தால் மட்டும் பாடகர் தப்ப முடியாது. கூட்டமே மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்!

அவரும் மேடைக்காரரே

1969-ல் 'அடிமைப்பெண்' படத்தில் எம்.ஜி.ஆருக்குப் பாடிப் புகழ் பெறும் முன்பே, எஸ்.பி.பி. மெல்லிசைக் குழு நடத்தியவர். பின்னாளில் அவர் குழுவில் இளையராஜா, பாஸ்கர், கங்கை அமரன் சகோதரர்களும் வாசித்தார்கள்.

அதே இளையராஜா தரப்பிலிருந்து 2017-ல் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் தன் பாடல்களை மேடையில் பாடக்கூடாது என்பது விஷயம். அமெரிக்காவில் கச்சேரிப் பயணத்தில் இருந்த எஸ்.பி.பி., இனி அந்தப் பாட்டுகளைப் பாடமாட்டேன் என்று அறிவித்தார். ரசிகர்கள் துடித்துப் போனார்கள். 2019-ல் இருவரும் மறுபடி ஒரே மேடை ஏறினார்கள்.

சட்டம் என்ன?

டிக்கெட் போட்டு நடத்தும் கச்சேரிக்கு, பாட்டின் உரிமையாளரிடம் லைசென்சு வாங்கிப் பணம் கட்ட வேண்டும். உண்மையான மதச் சடங்கில் பாடினால் 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் விலக்குத் தருகிறது. கோவில் திடல் மெல்லிசை அதற்குள் வருமா என்பது நிகழ்ச்சியைப் பொறுத்த விவகாரம். விழாக் கமிட்டியார் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு கட்டுப்பாடு நேரம். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக அரசு விரும்பினால், வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை அனுமதிக்கலாம்.

ஆகவே மணி பத்தை நெருங்கினால் மேடையில் அவசரம். கீழே இன்னும் சீட்டுகள் வந்துகொண்டிருக்கும். பாதிச் சீட்டில் எஸ்.பி.பி. பாட்டுதான். பாடியவர் தாமரைப்பாக்கத்து மண்ணில் உறங்குகிறார். அவர் பாட்டு, மேடையில் நிற்கும் பத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது!