மழையில் படமெடுக்கத் தக்க தொலைநோக்கு லென்ஸ்

மழைக்காலம் தொடங்கியதும் ராஜஸ்தானின் சோகலியா, மத்தியப் பிரதேசத்தின் சைலானா, குஜராத்தின் வேளாவதர் முதலிய இடங்களிலுள்ள புல்வெளிகளுக்கு வரகுக்கோழி இனப்பெருக்கத்தின் பொருட்டு வந்து சேர்கிறது. ஏனைய மாதங்களில் இப்பறவை கண்ணிற் படுவதே அரிது. மழைக்காலத்திலோ ஆண் பறவை புல்லினின்றும் திடீரென மேலே எழும்பி, சிறகடித்து, மறுகணமே புல்லுக்குள் மறைகிறது. பேடையைக் கவர்வதற்காக இத்தாவலை அது பன்முறை நிகழ்த்துகிறது. அழிவின் விளிம்பிலுள்ள இவ்வினத்தைக் கணக்கெடுப்போருக்கு அத்தாவலே சான்று. அச்சான்றைப் படமாகப் பதிவு செய்ய வேண்டுமாயின், மழையிலேயே, பறவை மிரளாத தூரத்தில் நின்றே எடுத்தாக வேண்டும். கருவி இடையில் பழுதுபட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க நேரிடும். ஆகவே, லென்ஸைத் தேர்ந்தெடுப்பதில் தக்க கவனம் தேவை.

'மழை தாங்கும் லென்ஸ்' என்பதற்கு, நீரில் மூழ்கினாலும் கெடாதது என்று பொருளன்று. வளையங்கள், பொத்தான்கள், இணைப்புகள் ஆகிய இடங்களில் ரப்பர்த் தடுப்புகள் அமைத்து, சாரலும் தூசியும் உட்புகாதவாறு ஓரளவு காக்கப்பட்டது என்பதே பொருள். இக்காப்பை அளவிட்டுக் கூறும் 'ஐ.பி.' எண்ணைப் பெரும்பாலான லென்ஸ் உற்பத்தியாளர்கள் வெளியிடுவதில்லை. 2022-இல் வெளிவந்த ஓ.எம்.-1 காமிரா, குறிப்பிட்ட சில லென்ஸ்களுடன் சேருங்கால் ஐ.பி.53 என்னும் தரத்தைப் பெறுகிறது. இதில் 5 தூசித் தடுப்பையும், 3 சாய்ந்து தெறிக்கும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும்.

காப்பு என்பது ஒரு சங்கிலி போன்றது. லென்ஸ் காக்கப்பட்டிருந்தும் காமிரா காக்கப்படாவிடில் பயனில்லை. வாங்குமுன் லென்ஸின் பின்புற உலோக விளிம்பை விரலால் தடவிப் பார்த்தல் நன்று. அங்கு மெல்லிய ரப்பர் வளையம் இல்லையெனில், நீர் புகும் முதல் வாயில் அதுவே எனலாம்.

அடுத்து நோக்க வேண்டியது, குவிதூரம் மாறும் விதம். சில லென்ஸ்களில் குவிதூரத்தைக் கூட்டும்போது குழல் முன்னே நீளும். சைக்கிள் பம்பின் கைப்பிடியை இழுத்தால் காற்று உள்ளே வருவதை மாணவரும் அறிவர். அதுபோலவே, நீளும் குழல் ஈரக்காற்றை உள்ளிழுக்கிறது. குழல் மேலுள்ள நீர்த்துளிகளும் மீண்டும் சுருக்கும்போது இடுக்கை அடைகின்றன. வேறு சிலவற்றில் குழல் நீளாது. உள்ளிருக்கும் கண்ணாடிகளே நகரும். 2019-இல் வந்த சோனி 200–600 மில்லிமீட்டர், 2023-இல் வந்த நிக்கான் இசட் 180–600 மில்லிமீட்டர் ஆகியவை இவ்வகையின. 2020-இல் வந்த கேனன் ஆர்.எஃப். 100–500 நீளும் வகையது. ஆயின் எடை குறைந்தது, நன்கு காக்கப்பட்டதுமாகும். நாள் முழுதும் மழையில் நிற்போர் முதல் வகையையும், நெடுந்தொலைவு நடப்போர் இரண்டாம் வகையையும் நாடலாம்.

மேகம் சூழ்ந்த பொழுதில் வெளிச்சம் குறைவு. எஃப்/2.8 துவாரம், எஃப்/5.6 துவாரத்தினும் நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும். எனவே 70–200 மில்லிமீட்டர் எஃப்/2.8 லென்ஸே சிறந்தது என்று தோன்றக்கூடும். ஆயின் ஒரே தூரத்தில், 200 மில்லிமீட்டரில் விழும் பறவையின் உருவம், 600 மில்லிமீட்டரில் விழுவதன் மூன்றில் ஒரு பங்கு உயரமே உடையது. பரப்பிலோ ஒன்பதில் ஒரு பங்கு. திறந்த புல்வெளிக்கு நீண்ட குவிதூரமும், அடர்ந்த காட்டின் நிழலுக்கு அகன்ற துவாரமும் பொருந்தும். தாவும் பறவைக்கு 1/1000 வினாடி அல்லது அதனினும் குறைந்த நேரம் தேவை. ஒளிக்குறைவைக் காமிராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தி ஈடு செய்யலாம். பெரிய மழைத்துளி வினாடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. ஆகவே 1/60 வினாடியில் அது 15 சென்டிமீட்டர் கோடாகவும், 1/1000 வினாடியில் வெறும் 9 மில்லிமீட்டர் கோடாகவும் பதியும்.

முன் கண்ணாடியில் நீர் ஒட்டாத ஃபுளூரின் பூச்சும், ஆழமான முன்மூடியும் இருத்தல் நலம். எத்துணை விலையுயர்ந்த லென்ஸாயினும் மழையுறை ஒன்றைப் போர்த்துவது இன்றியமையாதது. நீரால் நேரும் பழுதை உற்பத்தியாளரின் உத்தரவாதம் பெரும்பாலும் ஏற்பதில்லை என்பதை நினைவிற் கொள்க.

மழை நின்றபின்னரே உண்மையான சோதனை தொடங்குகிறது. நனைந்த லென்ஸைப் பையிலிட்டு மூடினால், சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறத்தே பூஞ்சணம் படரக்கூடும். முதலில் நீரைத் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும்; குழல் நன்கு உலரும் வரை சுருக்குதலும், காமிராவினின்று கழற்றுதலும் கூடா. பின்னர் சிலிகா ஜெல் இட்ட காற்றுப் புகாப் பெட்டியில், 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதனில் வைத்தல் வேண்டும். நீல நிறச் சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாக மாறின், அதனைச் சூடேற்றி உலர்த்திய பின் மீண்டும் பயன்படுத்தலாம்.

பொதுப் பணத்தில் வாங்கப்படும் கருவி பல பருவங்களுக்கு உழைக்க வேண்டும். நல்ல தேர்வு அதற்குப் பாதி உறுதி. மழைக்குப் பின் செய்யும் அரைமணிப் பணியே மறுபாதி.