பழைய காருக்கு "ஹெட்டர்" மாட்டுவோர் உஷார்! ரூ.5 ஆயிரம் அபராதம். உடைந்த போல்ட்டுக்கு தனிச் செலவு!

சென்னை,

20 வயது தாண்டிய காரைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அது ரேஸ் கார் மாதிரி உறும வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். இன்ஜினில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகும் கனத்த இரும்பைக் கழற்றுகிறார்கள். அந்த இடத்தில் வளைந்து நெளிந்த 4 குழாய்களை மாட்டுகிறார்கள்.

இதற்குப் பெயர்தான் "ஹெட்டர்".

மாட்டினால் கார் பறக்குமா? போலீஸ் பிடிக்குமா? போட்ட காசுக்குப் பலன் உண்டா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

எந்தக் கார்?

ஹோண்டா சிட்டி கார் 1998-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அதிலேயே "விடெக்" இன்ஜின் வந்தது. 1,500 சி.சி.; 106 குதிரை சக்தி. ஆபீசுக்கும் போகலாம், ஆளில்லாத ரோட்டில் ஒரு அழுத்து அழுத்தியும் பார்க்கலாம் என்று பெயர் வாங்கிய கார்.

இன்று அதன் விலை குறைவு. மோகம் மட்டும் குறையவில்லை. ஹெட்டர் மாட்டப்படும் பழைய கார்களில் இதுவும் ஒன்று.

நொடிக்கு 200 ஊது!

இன்ஜின் நிமிடத்துக்கு 6 ஆயிரம் சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு 50 தடவை புகையை ஊதுகிறது. 4 சிலிண்டருக்கு 200 ஊது!

கம்பெனி மாட்டி அனுப்பும் "மேனிபோல்டு" வார்ப்பு இரும்பு. நாலு வாசலும் குறுகிய தூரத்தில் ஒன்றாகச் சேரும். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்ததும் எல்லாரும் ஒரே வாசலுக்கு ஓடினால் எப்படி இருக்கும்? அந்த நெரிசல்தான்.

ஹெட்டரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். நீளமும் ஏறக்குறைய சமம். இந்த இன்ஜினில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் சிலிண்டர்கள் வெடிக்கும். அதனால் 1-ம் 4-ம் ஜோடி, 2-ம் 3-ம் ஜோடி. இரண்டு ஜோடியும் கடைசியில் ஒரே குழாயில் சேரும். முன்னால் போன புகை பின்னால் வரும் புகையை இழுத்துக்கொண்டு போகும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கிடைப்பது என்ன?

இவ்வளவு சிறிய இன்ஜினில் ஹெட்டரை மட்டும் மாற்றினால் நாலைந்து குதிரை சக்தி கூடினாலே பெரிய விஷயம். அதுவும் இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான். குழாய் அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டால், கிண்டி சிக்னலில் இருந்து புறப்படும்போது வண்டி முன்பைவிட மந்தமாக இருக்கும். சத்தம் மட்டும் ஜோர்!

"அண்ணே, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?"

வண்டிக்காரர் கேட்கும் முதல் கேள்வி இது. அனுபவமுள்ள மெக்கானிக் பதில் சொல்லமாட்டார். முதலில் போல்ட்டைப் பார்ப்பார்.

இன்ஜின் ஹெட்டில் மேனிபோல்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் 20 ஆண்டு சூட்டில் வெந்தவை. சூடு, குளிர், சூடு, குளிர் என்று துருப்பிடித்து நட்டோடு ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டு முறுக்கினால், "டக்!"

ஸ்டட் உடைந்தது. பாதி ஹெட்டுக்குள்ளேயே நிற்கும்.

ஹெட் அலுமினியம். உள்ளே நிற்பது இரும்பு. துளை போட்டு எடுக்கும்போது கை கொஞ்சம் நழுவினால் மரை போச்சு. ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம். ஹெட்டருக்குப் பேசிய தொகை ஒரு பக்கம், இது ஒரு பக்கம். விவரமானவர்கள் முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறப்போடுவார்கள். மறுநாள் நட்டை கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்துவார்கள். பொறுமைதான் இந்த வேலையில் பாதிக் கூலி!

பழைய கேஸ்கட்டை மறுபடி போடவே கூடாது. ஹெட்டரின் முகப்புத் தகடு நேராக இருக்கிறதா என்று இரும்பு ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெல்டிங் சூட்டில் அது வளைந்திருக்கும். நட்டுகளை நடுவில் இருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஓட்டிச் சூடேறி, ஆறிய பிறகு இன்னொரு தடவை சரிபார்க்க வேண்டும்.

"டிக் டிக்" சத்தம்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக்" என்று சத்தம் வந்தால் இணைப்பில் ஒழுகல் இருக்கலாம். சத்தத்தோடு போவதில்லை. ஒழுகல் வழியாக வெளிக்காற்று உள்ளே புகும். புகைக் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஏமாந்துபோகும். "பெட்ரோல் போதவில்லை" என்று கம்ப்யூட்டருக்குத் தகவல் போகும். அதுவும் பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் படுத்துவிடும்.

இதைவிட மோசம் கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. பழைய காரில் ரப்பர் அடைப்புகள் வெடித்துக் கிடக்கும். அந்த வழியாக உள்ளே வந்தால், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி. போட்டு உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி, மயக்கம், உயிருக்கே ஆபத்து.

வேகத்தடை ஒரு வில்லன். ஹெட்டர் குழாய் இன்ஜின் ஆயில் சட்டிக்குக் கீழே போகிறது. சில குழாய்கள் இரண்டு விரல் தாழ்ந்து தொங்கும். நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் மேடுகளில் ஒரு தடவை "நங்"கென்று இடித்தால் மேலே உள்ள கேஸ்கட் வரை ஆட்டம் காணும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தயாரித்த கம்பெனி குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே சொன்னது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். சத்தம், புகை விதிகளை மீறினால் ரூ.10 ஆயிரம் வரை அபராதமும், 3 மாதம் லைசென்ஸ் இல்லாமல் நடையும் உண்டு. மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்தால், விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியும் கையை விரிக்கலாம்.

ரேஸ் மைதானம் வேறு கதை. ஒரு காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் கார்கள் சீறின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டை மைதானம் வந்தது. அங்கே போட்டி விதிக்கு உட்பட்டு என்ன குழாயும் மாட்டலாம். கிழக்கு கடற்கரைச் சாலை அப்படி அல்ல.

கழற்றியது எங்கே?

ஹெட்டர் மாட்டும் சாக்கில் "கேட்டலிடிக் கன்வெர்ட்டர்" என்ற புகை வடிகட்டியையும் சிலர் கழற்றிவிடுகிறார்கள். சென்னை உள்பட 4 பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயம். இதைக் கழற்றிய கார் புகைச் சோதனையில் தேறுவது கஷ்டம்.

இன்னொரு சங்கதி. அந்த டப்பாவுக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. காயலான் கடையில் நல்ல விலை! "அது வேஸ்ட் சார், நாங்களே போட்டுடறோம்" என்று யாராவது அன்பாகச் சொன்னால், "வேண்டாம் தம்பி, சாக்கில் கட்டிக் கொடு" என்று கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய மேனிபோல்டையும் அதே சாக்கில் போட்டு வையுங்கள். 15 ஆண்டு தாண்டிய காரின் பதிவை 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டும்போது கம்பெனி சாமான்தான் இருக்க வேண்டும். அன்றைக்குப் புதுப்பேட்டையில் போய்த் தேடினால் உங்கள் மாடலுக்கு உரியது கிடைக்குமா என்பது சந்தேகம்தான்.