மூட்டுவலி ஊசிக்கு முன்னாடி எதுக்கு காசநோய் டெஸ்ட்? டி.என்.எஃப் செய்யும் வேலை இதுதான்!

முடக்குவாதம் முற்றி, மாத்திரைக்கு அடங்கவில்லை. கூமாப்பட்டியில் இருந்து பஸ் ஏறி மதுரைக்குப் போனால், ஊசி போடுவதற்கு முன் டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேவும் காசநோய் பரிசோதனையும் எழுதித் தருகிறார். "மூட்டுக்கும் நெஞ்சுக்கும் என்னங்க சம்பந்தம்?" நியாயமான கேள்விதான். பதில், டி.என்.எஃப் என்ற புரதத்தில் இருக்கிறது.

டி.என்.எஃப் என்றால் என்ன?

நோய் எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்ல வெளியிடும் புரதங்கள்தான் சைட்டோகைன்கள். சிம்பிளா சொன்னா, செல்களின் வாட்ஸ்அப் மெசேஜ். அதில் 'ஆபத்து, உடனே வாங்க' என்று கூப்பிடுவது டி.என்.எஃப்.

காசநோயில் என்ன வேலை?

நுரையீரலுக்குள் நுழையும் காசநோய்க் கிருமியை, செல்கள் சுற்றி வளைத்து கோட்டை கட்டி அடைக்கின்றன. கிருமி சாகாமல் பல வருஷம் உள்ளேயே தூங்கும். அந்தக் கோட்டை இடியாமல் காப்பதில் டி.என்.எஃப்-க்கு முக்கியப் பங்கு உண்டு.

முடக்குவாதத்தில் இதே டி.என்.எஃப் அளவுக்கு மீறி சுரந்து மூட்டுகளை அரிக்கிறது. இன்ஃப்ளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற ஊசிகள் அதைத் தடுக்கின்றன. வலி குறையும், ஆனால் கோட்டையும் பலவீனமாகலாம். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களில் 70 பேருக்கு காசநோய் வந்ததாக 2001-ல் அமெரிக்காவில் ஆய்வு வெளியானது. இந்தியாவில் தூங்கும் கிருமியோடு வாழ்பவர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால், இங்கே கவனம் இன்னும் அதிகம் தேவை.

புற்றுநோய்க்கு மருந்தா?

எலிகளில் கட்டியை அழித்ததால்தான் 1975-ல் 'கட்டியை அழிக்கும் காரணி' என்ற பொருளில் இந்தப் பெயர் வந்தது. ஆனால் மனிதர்களுக்கு ரத்தத்தில் அதிக அளவு செலுத்தினால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிகிறது. குறைந்த அளவில் நீண்ட நாள் சுரந்தால், கட்டி வளரவே துணைபோகலாம். நாள்பட்ட நோயில் உடம்பு இளைப்பதிலும் இதற்குப் பங்குண்டு.

என்ன செய்யணும்?

டெஸ்ட்டில் தூங்கும் கிருமி தெரிந்தால், முதலில் தடுப்பு மாத்திரை; வழக்கமாக ஒரு மாதமாவது சாப்பிட்ட பிறகே ஊசி. ஊசி போடும் காலத்தில் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்க. பயந்துபோய் ஊசியை நீங்களாக நிறுத்த வேண்டாம். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.